முள் வழியில் செல்லும் சைக்கிளுக்கு டியூப் இல்லாத டயர்

இராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி முதலிய மானாவாரி ஜில்லாக்களில் சைக்கிள் ஏறி வயலுக்கும் சந்தைக்கும் சென்று வருகிறவர்களுக்குப் பஞ்சரைப் பற்றி விவரித்துக் கூற வேண்டுவதில்லை. வண்டிப்பாதையின் இரு மருங்கிலும் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. அதை வெட்டி விறகாக ஏற்றிச் செல்லும்போது முள் வழிநெடுகச் சிந்துகிறது. கரிசல் ஓரங்களிலும் செம்மண் புழுதியிலும் நெருஞ்சி படர்ந்து காய்க்கிறது. விடியுமுன் பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டு செல்லும் குடியானவருக்கு நடுவழியில் சக்கரம் இறங்கிப்போனால் பால் எடுக்கும் நேரம் தவறிவிடும். கேனில் இருக்கும் பால் வெயில் ஏறுமுன் கெட்டுப்போகும். டியூபுக்கு ஒட்டும் ஒட்டின் கூலி சிறிது. அதனால் நேரும் நஷ்டம் பெரிது.

மோட்டார் சைக்கிள்களில் டியூப் இல்லாத டயர் வழக்கத்துக்கு வந்து, ஆணி ஏறினாலும் ஊர் போய்ச் சேரலாம் என்பதைக் கண்ட பலர், மிதிக்கும் சைக்கிளுக்கும் அப்படிப்பட்ட டயர் உண்டா என்று வினவுகின்றனர். உண்டு. கியர் வைத்த மெல்லிய டயர் சைக்கிள்கள் கிராமங்களிலும் புழங்கத் தொடங்கியபின் இவ்வகை டயர்கள் கடைகளில் கேட்கப்படுகின்றன. ஆனால் எல்லாச் சைக்கிளுக்கும் அவை பொருந்தா. பொருந்தாத ரிம்மில் மாட்டினால் பணம் வீணாவதோடு, காற்றடிக்கும்போதே டயர் வெடித்துக் கழன்று கண்ணுக்கும் கைக்கும் ஊறு விளைவிக்கும். ஆகையால் வாங்குமுன் சில விஷயங்களை அறிந்துகொள்ளுதல் அவசியம்.

முதலாவது, மோட்டார் சைக்கிள் டயருக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை. மோட்டார் சைக்கிள் டயரின் உட்புறத்தில் காற்றுப் புகாத பியூட்டைல் ரப்பர்ப் படலம் ஒன்று கனமாகப் பூசப்பட்டிருக்கிறது. அதில் அடிக்கும் காற்றும் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 ராத்தல்தான். ஆதலின் உள்ளே வேறெதுவும் ஊற்றாமலே அது காற்றைத் தாங்கி நிற்கும். சைக்கிள் டயரோ எடை குறையும் பொருட்டு மிக மெல்லியதாகச் செய்யப்படுகிறது. காற்றும் அதைப்போல் இரு மடங்கு அடிக்க வேண்டியிருக்கிறது. இதனால் அதன் பக்கச் சுவரில் உள்ள நுண்ணிய துவாரங்கள் வழியே காற்று கசியும். அத்துவாரங்களையும் முள் குத்திய ஓட்டையையும் அடைக்க டயருக்குள் ரப்பர்ப்பால் கலந்த திரவம் ஒன்றை ஊற்றியே ஆக வேண்டும். கடைகளில் அதைச் சீலண்ட் என்பர். அதை ஊற்றாமல் டியூபை மட்டும் எடுத்துவிட்டால் பயன் ஒன்றுமில்லை.

காற்றடைத்த சக்கரத்தை ஸ்காட்லாந்து தேசத்தவரான ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்பவர் 1845-ஆம் வருஷமே பேட்டண்டு செய்தபோதிலும், அது சைக்கிளுக்கு வந்தது 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவராலேயே. மலைப்பாதைச் சைக்கிள்களில் டியூப் இல்லாத டயர் 1999-இலும், சாலைச் சைக்கிள்களில் 2006-இலும் விற்பனைக்கு வந்தன. மோட்டார் வாகனங்களில் அதற்குப் பல்லாண்டுகள் முன்பே வந்தது, சைக்கிளுக்கு இவ்வளவு தாமதித்ததன் காரணம் மேலே கூறிய மெல்லிய சுவரும் மிகுந்த காற்றழுத்தமுமே.

எந்தச் சைக்கிளுக்குப் பொருந்தும்?

நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கும் கறுப்பு நிறப் பெரிய சைக்கிளின் டயரில் 28 × 1½ என்று பொறித்திருக்கும். அதன் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் குறுக்களவு 635 மி.மீ. கியர் வைத்த சாலைச் சைக்கிளின் டயரில் 700 × 28 என்றோ, 28-622 என்றோ காணப்படும். இதன் குறுக்களவு 622 மி.மீ. இரண்டையும் சில கடைக்காரர்கள் '28 இன்ச்' என்றே வாய்மொழியாகச் சொல்லுவதால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிவந்து ஏமாறுகிறவர் உண்டு. 13 மி.மீ. வித்தியாசத்தை எந்த பலாத்காரத்தாலும் சரிக்கட்ட முடியாது. 26 இன்ச் என்பதிலும் இவ்வாறே 559, 584, 590 என்று பல அளவுகள் உள்ளன. ஆகவே வாயால் சொல்லும் இன்ச் கணக்கை நம்பாமல், டயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் பொறித்திருக்கும் இரண்டு எண்களைக் கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மின் குறுக்களவு.

பழைய பெரிய சைக்கிளுக்கு இத்தகைய டயர் ஆகாது. அதன் ரிம், டயரின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் அமைப்புடையதன்று. சாதாரண டயரை டியூப் இல்லாமல் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பதும் ஆபத்தே. அதன் விளிம்பு, டியூப் உள்ளிருந்து தாங்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. டியூப் இல்லாதபோது அழுத்தத்தில் விரிந்து ரிம்மை விட்டுத் தாண்டிவிடும். பால் கேனும் புல்லுக்கட்டும் சுமக்கும் பெரிய சைக்கிளுக்குக் கனத்த டயரும் நல்ல டியூபுமே உகந்தவை. டியூபுக்கும் டயருக்கும் இடையே முள் தடுக்கும் பட்டை ஒன்றைச் சுற்றிவைத்தால் பஞ்சர் வெகுவாகக் குறையும். இதைக் கேட்டு ஏமாற்றம் அடைகிறவர் இருக்கலாம். எனினும் விற்பவர் சொல்லாத உண்மை இதுவே.

தினந்தோறும் 10, 20 மைல் ஓட்டுகிறவர்கள், முள் மிகுந்த வழியில் செல்லும் கிராம உத்தியோகஸ்தர்கள், தூரத்துக் கல்லூரிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகள் ஆகியோர் 622 அளவுள்ள சைக்கிள் வைத்திருந்தால் இதைக் கவனிக்கலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுத்து, மற்ற நாட்களில் திண்ணையில் சாத்திவைக்கும் சைக்கிளுக்கு இது வேண்டாம். ஓடாத சக்கரத்தில் ரப்பர்ப்பால் ஒரே இடத்தில் தேங்கி உறைந்து, வேண்டும்போது உதவாமற் போகும்.

ரிம்மைப் பார்க்கும் விதம்

ரிம்மின் உட்புற ஓரத்தை விரலால் தடவினால், சிலவற்றில் உள்நோக்கி வளைந்த உதடு ஒன்று தட்டுப்படும். சிலவற்றில் சுவர் நேராகவே இருக்கும். உதடுள்ள ரிம்மில் அதற்கென்றே செய்த டியூப் இல்லாத டயரையும் மாட்டலாம், டியூப் வைத்த டயரையும் மாட்டலாம். உதடில்லாத ரிம்மில், அதற்கு ஏற்றதென்று டயர் செய்தவர் குறித்துள்ள டயரை மாத்திரமே மாட்ட வேண்டும். டியூப் வைப்பதானாலும் டயர் அவ்வகையினதாகவே இருத்தல் வேண்டும். காற்றும் 5 பாருக்கு, அதாவது சதுர அங்குலத்துக்கு 72 ராத்தலுக்கு மேல் ஏற்றலாகாது என்பது சர்வதேச விதி. இந்த விதியை மீறினால் விளிம்பைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லாமையால் டயர் ஒரே கணத்தில் கழன்றுவிடும். ஊர்ப் பஞ்சர்க் கடைகளில் லாரி டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் 100 ராத்தலுக்கு மேலும் தள்ளவல்லது. அழுத்தமானி இல்லாமல் அதனால் இந்த டயருக்குக் காற்றடிக்க ஒருபோதும் இடங்கொடுக்கலாகாது. டயரில் ஓர் எல்லையும் ரிம்மில் ஓர் எல்லையும் குறித்திருந்தால் இரண்டில் குறைந்ததே எல்லை.

டயரின் அகலத்தைப் பொறுத்தவரை, பந்தயத்துக்கென விற்கப்படும் 23, 25 மி.மீ. டயர்கள் நம் கப்பி ரோடுகளுக்கு ஏற்றவையல்ல. சைக்கிளின் கவட்டில் இடமிருக்குமானால் 32 மி.மீ. வாங்குவதே நலம். இடம் போதாதாயின் 28 மி.மீ. டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே குறைந்தது 4 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் ஈரக் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது.

மாட்டுதல்

ரிம்மின் நடுப்பள்ளத்தில் ஸ்போக்ஸ் கம்பிகளின் துவாரங்கள் இருக்கின்றன. அவற்றை மூடும் ஒட்டுநாடாவே இந்த ஏற்பாட்டில் முக்கியமானது. பிற்பாடு நேரும் தொல்லைகளில் பாதிக்குமேல் இதைச் சரியாக ஒட்டாததால் வருவன. ரிம்மின் உட்புற அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. அகலங் கூடிய நாடாவை வாங்கி, ரிம்மைச் சாராய ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசையறத் துடைத்து உலர்த்தி, நாடாவை நன்றாக இழுத்துப் பிடித்து, சுருக்கமின்றி ஒரு சுற்றுச் சுற்றி, முனைகள் நாலங்குலம் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு ஒட்ட வேண்டும். வால்வுக்கான துவாரத்தைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறுதல் தவறு. கீறல் நாளடைவில் நீளும். காய்ச்சிய ஆணி முனையால் சிறு வட்டமாகத் துளைத்து, வால்வை அதில் இறுக நுழைத்து, அதன் திருகை விரலால் மட்டும் முடுக்க வேண்டும். குறடு கொண்டு முடுக்கினால் வழியில் டியூப் வைக்க நேரும்போது கழற்ற முடியாது.

டயரை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வண்டை முடிக்க வேண்டும். மாட்டும்போது விளிம்பு முழுவதையும் ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் வேண்டிய தளர்ச்சி கிடைக்கும். இதை அறியாமல் ஸ்பூன் காம்பையும் இரும்பு நெம்புகோலையும் கொண்டு நெம்பி நாடாவைக் கிழித்துக்கொள்கிறவர் பலர். பிளாஸ்டிக் நெம்புகோலும் சோப்பு நீரும் போதும். பின்பு வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு ஒரே மூச்சாகக் காற்றடிக்க, விளிம்பு 'டப், டப்' என்ற ஓசையுடன் தன் இடத்தில் ஏறி உட்காரும். அப்போது முகத்தைச் சக்கரத்துக்கு நேரே வைத்திருத்தல் ஆகாது. டயரின் பக்கத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிகிறதா என்று பார்த்தபின் காற்றை விட்டு, வால்வு வழியே ரப்பர்ப்பாலை ஊற்றி, மீண்டும் காற்றடைத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சுழற்ற வேண்டும். 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மில்லி லிட்டர் போதும். 32-க்குச் சற்றுக் கூட.

அந்தப் பால் எப்படி வேலை செய்கிறது?

கன்னியாகுமரி ஜில்லாவில் ரப்பர் மரம் வைத்திருக்கும் குடியானவர்களுக்கு இதை விளக்குவது எளிது. சீவிய பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். ஷீட் அடிக்க உறையவைப்பதற்குப் பார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள். சைக்கிளுக்கு விற்கும் திரவங்களிற் பெரும்பாலானவை அதே ரப்பர்ப்பாலை நீர்க்கச் செய்து, உறையாதிருக்கும் மருந்தும், நுண்ணிய நாரோ பொடியோ கலந்தவை. முள் குத்திய துளை வழியே காற்று பீறிடும்போது திரவமும் உடன் செல்கிறது. பொடி துளையின் வாயில் சிக்குகிறது, பால் அதன்மேல் படிந்து உறைகிறது. நெருஞ்சி முள்ளின் துளை ஒரு மி.மீ. அளவினதே ஆகையால் சக்கரம் நாலைந்து சுற்றுச் சுற்றுவதற்குள் அடைபட்டுவிடும். ஓட்டுகிறவர் பல சமயம் அறிவதே இல்லை. துளை 3 மி.மீ.க்கு மேற்பட்டால் பாலினால் மட்டும் அடைபடாது.

அமிலம் பாலைத் திரிக்கும் என்பதனால், கரியமில வாயு நிரப்பிய சிறு குப்பிகளைக் கொண்டு காற்றேற்றுவது சிலவகைத் திரவங்களை வெகு சீக்கிரம் உறையச் செய்யும். வழியில் அவசரத்துக்கு அதை உபயோகித்தால், வீடு வந்ததும் அதை வெளியேற்றிச் சாதாரணக் காற்றை அடைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த தேசங்களில் ஆறு மாதம் நிற்கும் பால் நம் சித்திரை வெயிலில் இரண்டு மாதத்தில் காய்ந்துவிடக்கூடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வால்வின் உள்ளூசியைக் கழற்றி மெல்லிய குச்சி ஒன்றை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையாயின் மேலும் ஊற்றுவது முறை.

காற்றின் அளவு

மிகுந்த காற்று அடித்தால் வேகமாகப் போகும் என்று நினைப்பது தவறு. கல்லென இறுகிய டயர் ஒவ்வொரு ஜல்லியின்மேலும் துள்ளி ஓட்டுகிறவரைக் களைப்பிக்கும். முள்ளும் அதில் எளிதாக ஏறும். 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் முன்னே ஏறக்குறைய 60, பின்னே 65 ராத்தலும், 32 மி.மீ. டயரில் முன்னே 50, பின்னே 55 ராத்தலும் வைத்துத் தொடங்கலாம். கரடு முரடான வழியில் 5 ராத்தல் குறைக்கலாம். எடை கூடினால் கூட்ட வேண்டும். டியூப் வைத்த டயரில் காற்றுக் குறைந்தால், பள்ளத்தில் இறங்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி அருகருகே இரண்டு கிழிசல் விழும். டியூப் இல்லாததில் அந்தத் தொல்லை இல்லை என்பது இதன் பெரிய அனுகூலம். ஆயினும் அளவு மீறிக் குறைத்தால் திருப்பத்தில் விளிம்பு விலகிக் காற்று 'புஸ்' என்று வெளியேறும். ரிம்மும் கல்லில் அடிபட்டு நெளியும்.

கோளாறுகளும் நிவர்த்தியும்

காற்றடித்தும் விளிம்பு ஏறாதிருந்தால், வால்வின் அடிப்பாகத்தின்மேல் விளிம்பு ஏறி நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வால்வை உள்ளே சற்றுத் தள்ளி இருபுறமும் விளிம்பை இறக்கிவிட்டால் பெரும்பாலும் சரியாகும். அதிலும் ஆகாவிடில் ஓர் இரவு டியூபை வைத்துக் காற்றடைத்து, மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி டியூபை உருவிக்கொண்டால், ஒரு பக்கம் அமர்ந்தபடியே இருக்கும். மறுபக்கத்தை ஏற்றுவது சுலபம்.

மாட்டிய முதல் நாள் இரவு காற்றுச் சிறிது இறங்குவது இயல்பு. ஒரு வாரத்துக்குப் பிறகும் காலையில் டயர் தொய்ந்திருந்தால், சக்கரத்தை மாட்டுத்தொட்டி நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் காண வேண்டும். ஸ்போக்ஸ் துவாரத்தில் குமிழி வந்தால் நாடா ஒழுகுகிறது என்று பொருள். ஆனால் குமிழி வரும் துவாரத்தின் நேரேதான் ஓட்டை என்று எண்ணலாகாது. காற்று ரிம்மின் உட்கூட்டில் புகுந்து தனக்கு வாய்த்த வழியில் வெளிவரும். நாடா முழுவதையும் எடுத்துப் புதிதாக ஒட்டுவதே பரிகாரம். டயரின் பக்கச் சுவரில் வேர்வைபோலக் குமிழி அரும்பினால் சக்கரத்தை ஒரு பக்கமாகக் கிடத்தி வைக்க, பால் ஊறி அடைத்துவிடும்.

வால்வில் காற்று ஏறவில்லையெனில் அதில் பால் உறைந்திருக்கும். உள்ளூசியைக் கழற்றிச் சுரண்டினால் போதும். காற்றடிக்கும்போது வால்வு கீழ்நோக்கி நில்லாதபடி பார்த்துக்கொண்டால் இது அடிக்கடி நேராது. பழைய சைக்கிளின் வால்வு டியூபுக்குப் பழகிய பம்பு இதற்குப் பொருந்தாது. அதற்குரிய பித்தளைத் திருகு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருத்தல் நல்லது.

முள் ஏறிய இடத்தில் பால் பீறிட்டு நிற்காமலிருந்தால், சைக்கிளை விட்டிறங்கி, துளை தரையை நோக்கும்படி சக்கரத்தைத் திருப்பிச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். அழுத்தம் 40 ராத்தலுக்கு இறங்கியதும் பெரும்பாலும் தானே அடைபடும். அதற்கும் அடங்காத துளைக்கு மெல்லிய ரப்பர்த் திரியைச் செருகுகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பஞ்சர்க்கடையில் உபயோகிக்கும் தடித்த துளையூசியை இதில் குத்தவிடலாகாது. முள் செய்த ஓட்டையைவிட ஊசி செய்யும் ஓட்டை பெரிதாகிவிடும்.

பக்கச் சுவர் நீளமாகக் கிழிந்தால் திரியும் பாலும் பயன்படா. உள்ளே தடித்த துணியோ பழைய டயர்த் துண்டோ வைத்து, டியூப் ஒன்றைப் போட்டு வீடு சேர வேண்டும். இதனால், டியூப் இல்லாத டயர் வைத்திருப்பவரும் வெளியூர் செல்லும்போது ஒரு டியூபைக் கொண்டு செல்ல வேண்டியவரே. இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. முள் வழியில் பல மாதம் ஓடிய டயரில், பால் அடைத்துக்கொண்டபடியால் தெரியாமலே தங்கிய முட்கள் பத்து இருபது இருக்கும். அவற்றை எடுக்காமல் டியூபைப் போட்டால் அரை மைல் போகுமுன் டியூப் சல்லடையாகிவிடும். டயரின் உட்புறம் முழுவதையும் கைக்குட்டையால் மெதுவாகத் தடவி, துணி சிக்கும் இடந்தோறும் முள்ளைக் குறட்டால் பிடுங்கிய பின்பே டியூபை வைக்க வேண்டும்.

நெருஞ்சியை ஒழித்தல்

டயரை மாற்றுவதோடு முள்ளையும் குறைப்பது விவசாயிகளின் கையில் உள்ளது. சீமைக் கருவேலை வெட்டுகிறவர் பாதையில் சிந்திய முள்ளைக் கூட்டி எரித்தாலே பாதித் தொல்லை தீரும். சிறு நெருஞ்சி அப்படியன்று. மழை பெய்தபின் முளைத்து, தரையோடு படர்ந்து, சில வாரங்களிலேயே ஐந்திதழுள்ள மஞ்சள் பூப் பூத்துக் காய்க்கிறது. காய் முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நீண்ட முள்ளும், இரண்டு சிறு முள்ளும், உள்ளே சில விதைகளும் உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேல்நோக்கியே நிற்கும்படி அது அமைந்திருக்கிறது. சக்கரத்திலும் ஆட்டின் குளம்பிலும் குத்தி ஊர்விட்டு ஊர் போகிறது. அமெரிக்காவிலும் இக்களை பரவி, அங்கே பஞ்சர்க் கொடி என்றே பெயர் பெற்றது. அதை அழிக்க 1961-இல் இத்தாலியிலிருந்து இருவகைக் கூன்வண்டுகளைக் கொண்டுசென்று விட்டனர்.

விதைகள் மண்ணுக்குள் சில வருஷங்கள் முளைப்புத்திறன் குன்றாமல் கிடக்கும். எனவே ஒரு பருவம் கொத்திவிட்டு மறு பருவம் விட்டுவிடுவதில் பிரயோஜனமில்லை. பூ தோன்றும்போதே களைக்கொத்தால் ஆணிவேரைத் தரைமட்டத்துக்குக் கீழே அறுத்தால் செடி மறுபடி துளிர்ப்பது அரிது. காய் பிடித்த செடியை வெட்டி அங்கேயே போடாமல் சாக்கில் வாரிக்கொண்டு போய் எரிக்க வேண்டும். குப்பைக்குழியில் போட்டால் எருவோடு வயல் முழுவதும் பரவும். வரப்பு ஓரமும், களத்துமேட்டுக்குச் செல்லும் வழியும், பால் சங்கத்துக்கும் பள்ளிக்கும் போகும் பொதுப் பாதையும் ஒரே வாரத்தில் கொத்தப்படுமாறு கிராம உத்தியோகஸ்தர்கள் ஏற்பாடு செய்தல் நலம். ஒருவர் நிலத்தோரம் சுத்தமாயிருந்து அடுத்தவர் நிலத்தோரம் காய்த்துக் கிடந்தால், அடுத்த மழைக்கு இருவர் ஓரமும் மஞ்சளாகப் பூத்துவிடும். மேற்படி வேலைக்கு ஏற்ற காலம், ஆடிப் புழுதி உழவுக்குப் பின் பெய்யும் முதல் மழையிலிருந்து மூன்றாவது வாரம்.